மறுகா திருத்தலாம் என்று சொன்னவள் நான்தான்

பிள்ளைகள்,

சங்கத்தின் ஆண்டு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். ஒரு படமும் கேட்டீர்கள். படம் தருகிறேன். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. போன கிழமை உங்கள் அறையில் கண்டதற்குப் பிறகு, இருந்த ஒன்றிரண்டும் போய்விட்டன.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். இதை ஐந்து நாளாக எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. சொன்னதைத் திருத்த வேண்டாம். கோபத்தைக் குறைத்துப் போடவும் வேண்டாம்.

போன கிழமை நான் வந்தபோது எல்லாரும் புதுக் கணினியைச் சுற்றி நின்றீர்கள். "அம்மா, இனி எங்கட பதிவெல்லாம் இதிலதான். வெளிநாட்டு ஆக்கள் சும்மா தாறாங்க" என்று ஒருத்தி சொன்னாள். திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ எழுதியிருந்தது. அவள் அதை வாசிக்கவில்லை. கிணற்றுக் கயிறு இழுப்பதுபோல மளமளவென்று கீழே இறக்கிப்போய், சம்மதம் என்ற இடத்தை அழுத்தினாள்.

"அதில என்ன எழுதிக் கிடக்கு, மகள்?"

"அது எல்லாருக்கும் வாறதுதான் அம்மா. ஆரும் வாசிக்கிறல்ல."

"ஏதும் பிழை வந்தா?"

"மறுகா திருத்தலாம், அம்மா."

இதை வாசிக்கிற வெளியூர்க்காரருக்காக எழுதுகிறேன்: மறுகா என்றால் பிறகு. எங்கள் மட்டக்களப்பில் வாயில் ஊறிய சொல். அதைக் கேட்டதும் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். "சீனி காணாதாக்கும்" என்று பின்னால் ஒருத்தி சொன்னது கேட்டது. சீனி போதுமாய்த்தான் இருந்தது. அந்தச் சொல்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதே அறையில், உங்களுக்கு முன்னமே, அந்தச் சொல்லைச் சொன்னவள் நான். அதனால் என்ன வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

சங்கத்தில் என் உத்தியோகத்துக்குக் கடிதத்தில் ஏதோ பெரிய பேர் இருந்தது. சனம் என்னை 'விபரம் எடுக்கிற அக்கா' என்றது. யுத்த காலத்தில் வாவிக்கு அங்கால் படுவான்கரையிலிருந்தும், கிரானுக்கு உள்ளே வயல் ஊர்களிலிருந்தும் சனம் சட்டி பானையோடு இடம்பெயர்ந்து வரும். பள்ளிக்கூடங்களில் தங்கும். நான் கொப்பியோடு போய் ஒவ்வொரு குடும்பத்தின் விபரத்தையும் எடுப்பேன். அந்த விபரத்தைக் கொண்டுதான் அரிசி வரும், பாய் வரும், பிள்ளைகளுக்குப் பால்மா வரும்.

என் கொப்பியில் எழுத்துக் குறைவு, அடையாளம் கூட. ஆள் இருக்கிறார் என்றால் ஒரு கோடு. செத்தவர் என்றால் அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. மூன்றாவதாக ஒரு வகை இருந்தது. வயலுக்குப் போனவர், வரவில்லை. சந்தைக்குப் போனவர், வரவில்லை. கூட்டிக்கொண்டு போனார்கள், வரவில்லை. யார் கூட்டிக்கொண்டு போனது என்று நான் கேட்கமாட்டேன், அவர்களும் சொல்லமாட்டார்கள். அந்த ஆளுக்கு ஒரு வட்டம் போடுவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆள் திரும்பி வந்தால் வட்டத்துக்குள் ஒரு கோடு போடலாம். என் காலத்தில் இரண்டு வட்டத்துக்குள் அப்படிக் கோடு போட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் நடந்து வரவில்லை, பறந்துதான் வந்தேன்.

புது அடையாளம் தேவைப்பட்டால் புதிதாகக் கீறுவேன். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்க்கு வால் வைத்த கோடு. யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கொப்பி எங்களுடையது, பென்சிலும் எங்களுடையது. மற்றப் பெண்களுக்கும் அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் ஒருத்தி, கண் தெரியாதவர்களுக்கு என்று தானே ஒன்றைச் சேர்த்தாள். நல்ல அடையாளம். நானும் எடுத்துக்கொண்டேன். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் வேறொருத்தி அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு போவாள். வேலை நிற்காது.

அப்படியிருக்கத்தான் அந்தக் கணினிப் பெட்டி வந்தது. அதுவும் சும்மாதான் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்து பொருத்திக் கொடுத்தார். ஒரு கொம்பனி செய்த மென்பொருள் உள்ளே இருந்தது. மென்பொருள் என்று யார் பேர் வைத்தார்களோ தெரியாது, அதைப்போலக் கடும்பொருளை நான் கண்டதில்லை. நல்ல பிள்ளை அந்தத் தம்பி. பொறுமையாகத்தான் காட்டித் தந்தார். குடும்பத் தலைவர் என்று ஒரு இடம். அதற்குக் கீழே இரண்டு கட்டம். உயிருடன் உள்ளார். இறந்தார்.

"மூண்டாவது கட்டம் எங்க தம்பி?"

"எதுக்கு அக்கா?"

"காணாமப் போன ஆக்களுக்கு."

"அப்பிடி ஒண்டு இல்லை. மனுசன் ரெண்டில ஒண்டாத்தானே இருக்கோணும்?"

"நீ எங்க மனே பிறந்தாய்?"

"கொழும்பில."

"அதான்" என்றேன். கணினியில் எழுதப் பழகிக்கொண்டிருந்த ரஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் விடவில்லை. "சரி, ஒரு கட்டம் சேத்துத் தந்திட்டுப் போ. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலைதானே?"

"எனக்கு ஏலாது அக்கா. உள்ளுக்கு எழுதினதைப் பூட்டித்தான் தந்திருக்காங்க. நானும் பாக்க ஏலாது, நீங்களும் பாக்க ஏலாது. கொம்பனிதான் மாத்தலாம்."

"அப்ப இது ஆருட பெட்டி?"

"உங்கட பெட்டிதான்."

"எங்கட பெட்டிய எங்களுக்குத் திறக்க ஏலாது?"

"பெட்டி உங்கட, அக்கா. உள்ளுக்கு இருக்கிறத பாவிக்கத்தான் உங்களுக்கு உரிமை."

"எருமையச் சும்மா தந்தானாம், கயித்து நுனியத் தன்ட கையிலயே வெச்சிக்கிட்டானாம்" என்றேன். அறை முழுக்கச் சிரிப்பு. தம்பியும் சிரித்தார். சிரித்துவிட்டு எல்லாரும் அந்த எருமையை வாங்கிக் கட்டினோம். இது என் முதல் பிழை. பகிடி விட்டால் எதிர்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்காரிகளுக்கு வருகிற வியாதி அது. உங்களில் இரண்டு பேருக்கு இருக்கிறது, கவனமாக இருங்கள்.

இரண்டாவது பிழை அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நடந்தது.

அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் மறுநாள் அரிசி. வெளியே வெயிலில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரஞ்சி பெட்டிக்கு முன்னால், நான் பக்கத்தில் கொப்பியோடு. தெய்வானை என்று ஒருத்தி வந்தாள். கிரானுக்கு உள்ளே வயல் செய்த குடும்பம். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. மாடு தேடிப்போன புருசன் வரவில்லை.

"மனுசன்?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

தமிழில் அது ஒரு பொல்லாத சொல். வீட்டில் இல்லாதவரும் இல்லைதான், உலகத்தில் இல்லாதவரும் இல்லைதான். ஆனால் சொல்கிறவளின் முகத்தைப் பார்த்தால் எந்த இல்லை என்று தெரியும். எனக்குத் தெரிந்தது. கொப்பியில் வட்டம் போட்டேன். ரஞ்சியின் கை பெட்டிக்கு மேலே நின்றது.

"அக்கா, ஒண்டை அமத்தாம அடுத்த பக்கம் போக விடுகுதில்ல."

"இருக்கார் எண்டு அமத்து."

"அமத்தினா அவர்ட அடையாள அட்டை இலக்கம் கேக்குது, கைநாட்டுக் கேக்குது."

"மத்தத அமத்தினா?"

"ஒண்டும் கேக்கல்ல. அப்பிடியே போகுது."

அந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறவரிடம்தான் கேள்வி கேட்டது. செத்தவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. அதை ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மணியைப் பார்த்தேன். வரிசையைப் பார்த்தேன்.

"இல்ல எண்டுதானே சொன்னவ. ரெண்டாவத அமத்து. மறுகா திருத்தலாம்."

ரஞ்சி அழுத்தினாள். தெய்வானைக்குத் திரை தெரியவில்லை. அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற வட்டங்களையும் அப்படித்தான் அழுத்தினோம். எத்தனை என்று கொப்பியைப் பார்த்து எண்ணலாம். எண்ணியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன்.

பெட்டியை மூடிவிட்டுக் கொப்பியைக் கொடுத்தனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருந்தால், கொப்பியை ஏற்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ அரிசி பிந்தியிருக்கும். இடுப்பில் இருந்த பிள்ளை பசித்து அழுதிருக்கும். அது லேசான கணக்கு என்று யாரும் எனக்குப் பாடம் சொல்ல வரவேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் நான் அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. மறுகா என்ற சொல் என்னைப் பார்க்கவிடவில்லை.

அடுத்த கிழமை திருத்தப் போனோம். பதிந்தது பதிந்ததுதானாம். மாற்றுவதற்கு ஒரு இரகசியச் சொல் வேண்டுமாம், அது கொம்பனியிடம்தான் இருக்கிறதாம். கடிதம் போட்டோம். பதில் இல்லை. இன்னொன்று போட்டோம். நீங்கள் வைத்திருப்பது பழையது, அதை நாங்கள் இப்போது பார்ப்பதில்லை, புதியது வரும் என்று பதில் வந்தது. ஒரு நாள் காலையில் பெட்டி திறக்கவே இல்லை.

"தவணை முடிஞ்சிட்டுதாம் அக்கா" என்றாள் ரஞ்சி.

"ஆருட தவணை?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தால், உள்ளே இருந்த பட்டியல் ஏற்கனவே கடதாசியில் அடிக்கப்பட்டு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பிழை வெளியே நடமாடியது. அதைத் திருத்துகிற இடம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

சில மாதம் கழித்துத் தெய்வானை வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை. அப்போதே எனக்கு விளங்கியது.

"நீங்களாக்கா என்ட மனுசனக் கொண்டது?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். புருசனைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்க ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கட சங்கமே செத்தவர் எண்டு எழுதித் தந்திருக்கு, செத்தவர ஏன் தேடுறாய் என்று கேட்டிருக்கிறார்.

"நான் இல்ல எண்டன். செத்தவர் எண்டு சொன்னனா? சொல்லுங்க, சொன்னனா?"

"இல்ல கா" என்றேன்.

"எங்கட சனம் பொட்ட அழிக்க வந்தப்ப உலக்கையத் தூக்கிக்கிட்டு நிண்டவள் நான். ஒருத்தரும் கிட்ட வரல்ல. நீங்க ஒரு விரலால செஞ்சி போட்டீங்க."

"பெட்டில ரெண்டு கட்டந்தான் இருந்திச்சி, தெய்வானை."

"பெட்டிக்கா வாய் இருக்கு? உங்களுக்குத்தானே இருக்கு? அத எங்க வெச்சிருந்தீங்க?"



நகரத்தில் ஒரு பறங்கி ஐயா இருந்தார். தட்டெழுத்து இயந்திரம், தையல் இயந்திரம், தேவாலயத்து ஆர்மோனியம் எல்லாம் திருத்துவார். எங்கள் பழைய தட்டெழுத்து இயந்திரத்தில் 'ழ' உடைந்தபோது, வேறொரு எழுத்தை அராவி ஒட்டிப் புது 'ழ' செய்து தந்தவர். அவரைக் கூட்டிவந்தேன். நாலு ஆணியைக் கழற்றினார், மூடியைத் திறந்தார், தூசியை ஊதினார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டு இதுக்குள்ள இல்லை பிள்ளை. இருந்தா இவ்வளவுக்கும் உடைச்சிருப்பன்."

"அப்ப என்ன செய்ற ஐயா?"

"திறக்க ஏலாத மாதிரிச் சாமான் செஞ்சி குடுக்கிறவன், அது பழுதாகிற நாளில தான் பக்கத்தில நிக்கமாட்டான் எண்டு தெரிஞ்சவன். அவனத் தேடாத. உன்ட கையில என்ன இருக்கு எண்டு பார்."

என் கையில் கொப்பி இருந்தது.

தெய்வானையையும் கூட்டிக்கொண்டு அந்தக் கந்தோருக்குப் போனேன். அதிகாரி கொப்பியை இரண்டு விரலால் புரட்டினார், மீன் நாறுவதுபோல.

"என்னம்மா இது? கோடும் வட்டமும்."

"வட்டம் போட்டாத் தேடுறம் எண்டு அர்த்தம். இந்தா, அவட பேருக்கு நேர வட்டம். அண்டைக்கே போட்டது."

"இத ஆரும் மாத்தலாமே? கணினிப் பட்டியல் அப்பிடி இல்லை. அத ஒருத்தரும் மாத்த ஏலாது."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. "ஓம் ஐயா, இத மாத்தலாம். ஆனா மாத்தினா வெட்டினது தெரியும், அழிச்சது தெரியும், ஆர் எழுதினது எண்டு கையெழுத்தில தெரியும். உங்கட பட்டியல மாத்தவும் ஏலா, பிழை எண்டு கண்டு பிடிக்கவும் ஏலா. பிழைய ஆணி அடிச்சி வெச்சிக்கிட்டு அத உறுதி எண்டு சொல்றீங்க."

அவர் தெய்வானையைப் பார்த்தார். அவள் நெற்றிப் பொட்டோடு அவருக்கு நேரே நின்றாள். கடைசியில் அவர் சொன்னார்: "பட்டியல் பிழை எண்டு சங்கம் எழுதித் தரோணும். ஆர் பிழை விட்டது எண்டும் எழுதோணும்."

என் விபரத்தில் பிழை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அது என் திமிர். இருந்த திமிரில் எனக்குப் பிடித்த திமிரும் அதுதான். அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதினேன். அவர் செத்தவர் என்று மனைவி சொல்லவில்லை. அப்படிப் பதியச் சொன்னது நான். பிழை என்னுடையது. கீழே முழுப்பேர் வைத்தேன். தெய்வானை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்த பிறகுதான் கொடுக்கவிட்டாள். முறைப்பாட்டை எடுத்தார்கள்.

அதன் பிறகு மற்ற வட்டங்களுக்காகவும் கொப்பியோடும் கடிதத்தோடும் ஏறி இறங்கினேன். மூன்று மாரி போனது. கொஞ்சப் பேரை மீட்டேன். கொஞ்சப் பேரின் பெண்டாட்டிகளை என்னால் தேடிப்பிடிக்க முடியவில்லை. சிலர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் செத்தே போனார்கள். அந்த ஆண்கள் இன்றைக்கும் எங்கோ ஒரு அலுமாரியில் என் சொல்லால் செத்துக்கிடக்கிறார்கள்.

இடுப்பில் இருந்த அந்தப் பெண்குழந்தைக்குப் பிறகு கல்யாணம் வந்தது. பழைய பட்டியலின் இன்னொரு பிரதி வேறொரு கந்தோரில் இருந்திருக்கிறது. தகப்பனின் மரணச் சான்றிதழ் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சாகாத ஆளுக்கு எங்கிருந்து சான்றிதழ் எடுப்பது? மறுபடியும் நான் போனேன், மறுபடியும் அதே கடிதம். நாங்கள் ஒரு விரலால் அழுத்தியபோது அந்தப் பிள்ளைக்குப் பல்லும் முளைத்திருக்கவில்லை. இதைத்தான் உங்களுக்கு விளங்கப்படுத்தப் பார்க்கிறேன். மறுகா என்பது ஒரு நேரம் இல்லை, பிள்ளைகள். அது ஒரு ஆள். இன்னும் பேசத் தெரியாத ஆள். நீங்கள் தள்ளிவைக்கிற வேலையெல்லாம் அந்த ஆளின் தலையில்தான் விழும்.

போன கிழமை நான் எழும்பிப் போனபோது, கண்ணாடி போட்ட பிள்ளை படலைவரைக்கும் ஓடிவந்தாள். "அம்மா, வேற விதமான புறோகிறாமும் இருக்கு. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு பாக்கலாம், எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம், மாத்தினத மத்தச் சங்கத்துக்கும் குடுக்கலாம். கட்டற்றது எண்டு சொல்லுவாங்க" என்றாள். என் கொப்பிக்கு அப்படி ஒரு பேர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அப்ப அத எடுக்கிறதுக்கு என்ன?"

"அது எங்களுக்கு வேலை கூட, அம்மா. இது சும்மாவும் வருது, லேசு."

வேலை கூடத்தான். வேலைக்குத்தான் உங்களை இங்கே எடுத்தது. சும்மா வருவது வேறு, கட்டில்லாமல் வருவது வேறு. அந்த எருமையை நான் ஒரு தரம் கட்டிப் பார்த்துவிட்டேன். நான் மூன்றாம் வகுப்பு, எனக்குத் தெரியாமல் போனது. நீங்கள் பட்டம் படித்தவர்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்காமல் சம்மதம் அழுத்துவதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

இன்னும் ஒன்று. அந்தப் பழைய பெட்டி பின் அறையில் கிடப்பதாகவும், இடம் காணாது, எறியப்போவதாகவும் சொன்னீர்கள். இதைச் சந்தையில் தெய்வானையிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என் கொப்பியில் அவள் புருசனின் வட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"அதுக்குள்ள அவர் என்னெண்டு கிடக்கிறார், அக்கா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "செத்தவர் எண்டுதான் கா. அத ஒருத்தருக்கும் திறக்க ஏலாமப் போச்சே."

அவள் கிழங்கைப் போட்டு முடித்தாள். பையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள். உங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான் சொன்னாள்.

"படிச்ச பிள்ளையள்தானே இப்ப இரிக்கிறாங்க. திறந்து, திருத்திப்போட்டு எறியச் சொல்லுங்க. அதுவரைக்கும் எறிய வேணாம்."